உடைந்த பிஸ்டன்கள் நிறைந்த அலமாரி... 47 வயது பைக்... 68 வயது ரேஸர்!

நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிறது இன்வர்கார்கில். அந்த ஊரில் ஒரு ஷெட். அதற்குள் ஓர் அலமாரி. ஓட்டை விழுந்த பிஸ்டன்கள், முறிந்துபோன கனெக்டிங் ராடுகள், சிதைந்த இன்ஜின் பாகங்கள் என எடைக்குப் போட்டால்கூட பெரிதாகக் காசு தேறாத பழைய உலோகம் அதில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

ஆனால், சொந்தக்காரர் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் இப்படி எழுதி வைத்திருந்தார்: 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை.'

அவர் பெயர் பர்ட் மன்றோ. 1920-ல் வாங்கிய ஒரு பைக்கை, வாழ்நாளெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டியவர். மணிக்கு 89 கிலோமீட்டர்தான் அதன் உச்ச வேகம். அதைக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனார். அந்த உலக சாதனையைச் செய்தபோது பைக்குக்கு வயது 47. ஓட்டியவருக்கு வயது 68.

பெரிய கம்பெனியின் ஆதரவு இல்லை. ஆராய்ச்சிக் கூடம் இல்லை. இருந்ததெல்லாம் அந்த ஷெட், சில கைக் கருவிகள், அப்புறம் அந்த அலமாரி.

இது எந்த இந்தியன்?

மன்றோவின் கதையை வைத்து 2005-ல் ஒரு சினிமா வந்தது. 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' என்பது படத்தின் பெயர். மன்றோவாக நடித்தவர் ஆண்டனி ஹாப்கின்ஸ். தலைப்பைப் பார்த்துவிட்டு, 'யார் அந்த நம்ம ஊர்க்காரர்?' என்று நம்மில் பலர் தேடியிருப்போம். விஷயம் வேறு. 'இந்தியன்' என்பது பைக்கின் பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் இருந்த ஒரு கம்பெனியின் தயாரிப்பு. அமெரிக்கப் பழங்குடி மக்களை மனதில் வைத்து அந்தப் பெயரை வைத்தார்கள்.

அந்தக் கம்பெனியின் 'ஸ்கௌட்' மாடல் 1920-ல் புதிதாக வந்தது. சுமார் 600 சி.சி., இரண்டு சிலிண்டர்கள் 'வி' வடிவில் நிற்கும். நியூசிலாந்தில் அதை வாங்கியவர்களில் ஒருவர்தான் 21 வயது மன்றோ.

1899-ல் பிறந்தவர் அவர். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி பிறக்கும்போதே இறந்துபோனாள். பையன் பண்ணையில் வளர்ந்தான். பண்ணை வாழ்க்கை அவனுக்கு ரொம்பவே மெதுவாகத் தெரிந்தது. பைக் கைக்கு வந்ததும் அதை ஓட்டித் தீர்த்தார். பிறகு அதன் வேகமும் போதவில்லை. 1926-ல் முதல் முறையாக இன்ஜினில் கை வைத்தார். அதன்பின் கையை எடுக்கவே இல்லை.

இன்ஜினை எப்படி வேகமாக்குவது?

இன்ஜினை நம் நுரையீரலோடு ஒப்பிடலாம். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது, நசுக்குகிறது, எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. வெடிப்பின் வேகத்தில் பிஸ்டன் கீழே இறங்க, அந்த அசைவு சக்கரத்துக்குப் போகிறது. ரேஸுக்காக இன்ஜினை மாற்றுகிற எவரும் செய்வது நான்கே வேலைகள்தான். அதிகக் காற்றை உள்ளே விடுவது, அதை இன்னும் இறுக்கமாக நசுக்குவது, இன்ஜினை வேகமாகச் சுழலவிடுவது, உள்ளே அசையும் பாகங்களின் எடையைக் குறைப்பது.

மன்றோ நான்கையும் செய்தார்.

முதலில் அளவு. சிலிண்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். 600 சி.சி. இன்ஜின் 850 ஆனது. பிறகு 920. கடைசியில் 950.

அடுத்தது சுவாசம். ஸ்கௌட்டின் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்தன. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். செய்வது சுலபம், செலவும் குறைவு. ஆனால், காற்று வளைந்து நெளிந்துதான் உள்ளே போக முடியும். குறுகலான சந்து வழியாகக் கல்யாண மண்டபத்துக்குள் கூட்டம் நுழைவது மாதிரி. மன்றோ வால்வுகளைச் சிலிண்டரின் தலைக்கு மேலே கொண்டுபோனார். இப்போது காற்று நேரே இறங்கியது. நசுக்கப்படும் இடமும் சிறிதானதால் வெடிப்புக்குப் பலம் கூடியது.

மூன்றாவது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம். முட்டை வடிவத்தில் ஒரு சிறிய சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அதன் வடிவம்தான் தீர்மானிக்கிறது. ஸ்கௌட்டில் இரண்டு கேம்கள் நான்கு வால்வுகளையும் பார்த்துக்கொண்டன. மன்றோ அதை நான்கு கேம்கள் கொண்ட அமைப்பாக மாற்றினார். இனி ஒவ்வொரு வால்வின் நேரத்தையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்கலாம்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தப் பாகங்களில் எதுவும் கடையில் கிடைக்காது. பழைய மாடல் ஒன்றுக்கு ஓவர்ஹெட் வால்வு அமைப்பை யார் செய்து விற்பார்கள்?

தகர டப்பாவில் ஒரு பட்டறை

எனவே எல்லாவற்றையும் அவரே செய்தார். பிஸ்டன், சிலிண்டர், ஃப்ளைவீல், எண்ணெய் ஓடும் அமைப்பு என்று எதையும் விடவில்லை.

பாகங்களை வார்ப்பதற்கு அவர் பயன்படுத்திய அச்சுகளில் பழைய தகர டப்பாக்களும் உண்டு. உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறவைத்து, தேய்த்துத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவருவார். சிலிண்டருக்கு, காஸ் கொண்டுபோகப் பயன்பட்ட வார்ப்பிரும்புக் குழாய். பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு, கேட்டர்பில்லர் டிராக்டரின் அச்சு. கடினமான அந்த எஃகைக் கையாலேயே செதுக்கி வடிவம் கொடுத்தார்.

தலைமுடியின் தடிமனைக்கூட அளக்கும் மைக்ரோமீட்டர் இருந்தால்தான் இன்ஜின் வேலை பார்க்க முடியும் என்பார்கள். மன்றோ பல சமயம் அளந்தது பழைய ஸ்போக் கம்பியை வைத்து!

பகலில் அவருக்கு வேலை இருந்தது. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் இருந்தார். தன் பைக்குக்கான நேரம் இரவில்தான். சில நாள்கள் விடிய விடிய வேலை பார்த்துவிட்டு அப்படியே மறுநாள் வேலைக்குப் போவார்.

ஒன்றைப் பலப்படுத்தினால் இன்னொன்று உடையும்

இத்தனை உழைத்தும் பாகங்கள் ஏன் உடைந்துகொண்டே இருந்தன? ரேஸ் இன்ஜினின் மொத்த ரகசியமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஓர் இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழல்கிறது என்றால், பிஸ்டன் விநாடிக்கு 83 முறை மேலே போய்க் கீழே வருகிறது. உச்சியில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அடியில் இன்னொரு கணம் நின்று திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அதைப் பிடித்து இழுப்பது கனெக்டிங் ராட். சுழலும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால், அந்த ராடு தாங்க வேண்டிய இழுவிசை நான்கு மடங்காகும். வேகம் கொஞ்சம் கூடினாலும், பாகங்களின் வேதனை அதைவிட வேகமாகக் கூடுகிறது.

சரி, ராடைப் பலமாகச் செய்தாயிற்று. இப்போது அந்தச் சுமை பிஸ்டனுக்குப் போகும். பிஸ்டனைப் பலப்படுத்தினால் பேரிங்குக்கு. அதையும் சரிசெய்தால் கிளட்ச் வழுக்கும். இன்ஜினின் புதிய பலத்தைத் தாங்காமல் பழைய கிளட்ச் திணற, 17 தட்டுகள் கொண்ட கிளட்ச்சை மன்றோ உருவாக்கினார். சக்தியைக் கடத்த ஒரு சங்கிலி போதாது என்று மூன்று சங்கிலிகளைப் போட்டார்.

ஆக, ஒவ்வொரு முறை இன்ஜின் வெடித்தபோதும் அவருக்கு ஒரு தகவல் கிடைத்தது. இந்த இடம்தான் பலவீனம், அடுத்து இங்கே கை வை! அலமாரியில் இருந்த ஒவ்வொரு துண்டும் அப்படி ஒரு தகவல். கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்க வழியில்லாத காலம் அது. உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மாதக்கணக்கில் செய்த பாகம் சில விநாடிகளில் சிதறிப் போகும். துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, மறுபடி உலோகத்தை உருக்க ஆரம்பிப்பார்.

ரேஸ் இன்ஜின் வேறு, ரோட்டில் ஓடும் இன்ஜின் வேறு என்பதும் இங்கேதான் புரிகிறது. நாம் வாங்கும் பைக் மழை, வெயில், டிராஃபிக் எல்லாவற்றையும் தாங்கி வருஷக்கணக்கில் ஓட வேண்டும். அதற்காக கம்பெனி பொறியாளர்கள் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்குகிறார்கள். ரேஸ் இன்ஜினில் கணக்கு தலைகீழ். ஆயுளைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறார்கள். அந்த வித்தையை வீட்டு பைக்கில் செய்தால், நடுரோட்டில் உடையப் போவது இன்ஜின் மட்டுமாக இருக்காது.

வேகத்துக்குக் கொடுத்த விலை

மன்றோ கொடுத்த காணிக்கை உலோகத்தோடு முடியவில்லை.

1920-களில் கல்யாணம் ஆனது. மனைவி பெரில். நான்கு பிள்ளைகள். பகலெல்லாம் வேலை, இரவெல்லாம் ஷெட் என்று ஒரு மனிதர் பல வருஷம் வாழ்ந்தால் வீடு என்ன ஆகும்? 1940-களின் இறுதியில் இருவரும் விவாகரத்து செய்துகொண்டனர். அதற்குப் பின் வேலையையும் விட்டுவிட்டு, பைக்குகளோடு அந்த ஷெட்டிலேயே குடியேறிவிட்டார் மன்றோ. படுக்கையும் அங்கேதான், பட்டறையும் அங்கேதான்.

சினிமாவில் பார்க்கும்போது அது அழகான பைத்தியக்காரத்தனம். ஆனால், அந்த வீட்டில் இருந்தவர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள்? இந்தக் கதையைப் படிக்கும்போது அந்தக் கேள்வியையும் ஓரமாக வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால், கதையின் கடைசியில் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் திரும்ப வருகிறார்.

காற்று என்னும் சுவர்

இன்வர்கார்கில் பக்கத்தில் ஒரேட்டி என்று ஒரு கடற்கரை. நீண்டு கிடக்கும் கெட்டியான மணல். மன்றோவுக்குச் சோதனைக் களம் அதுதான். 1940-ல் ரோட்டில் மணிக்கு 194 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி நியூசிலாந்து சாதனை படைத்தார். 1957-ல் கடற்கரையில் 211 கிலோமீட்டர்.

அதற்கு மேல் போக வேண்டுமென்றால், இன்ஜினை மட்டும் நம்ப முடியாது. எதிரே காற்று நிற்கிறது.

கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், வேகம் கூடக் கூட காற்று எப்படி அறையும் என்று. வேகத்தை இரண்டு மடங்காக்கினால், காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். 89 கிலோமீட்டரில் போன பைக் அதே உடம்போடு 295 கிலோமீட்டரில் போக வேண்டுமானால், காற்றுக்கு மட்டுமே சுமார் 36 மடங்கு சக்தி வேண்டும். சிலிண்டரின் அளவை ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாகத்தான் மன்றோவால் கூட்ட முடிந்தது. மிச்சத்துக்கு எங்கே போவது?

மீனைப் பார்த்தால் பதில் கிடைக்கும். முன்னே உருண்டு, பின்னே மெலிந்து போகும் உடல். பைக்கை முழுசாக மூடும்படி அப்படி ஒரு கூட்டைச் செய்தார். ஓட்டுகிறவர் அதற்குள் பைக்கின் மேல் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆனால், இந்தக் கூட்டுக்கும் ஒரு விலை உண்டு. அதிவேகத்தில் பக்கவாட்டுக் காற்று பிடித்துத் தள்ளினால் பைக் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் அடக்குவது ரொம்பக் கஷ்டம்.

உப்புப் பாலைவனத்தில் ஒரு தாத்தா

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் போனவில் என்ற இடம். கண்ணுக்கு எட்டியவரை தரையெல்லாம் உப்பு. மரம், மேடு, வளைவு எதுவும் கிடையாது. உலகத்தின் வேகப் பித்தர்கள் எல்லோரும் வருகிற இடம் அது. மன்றோவின் கனவும் அதுதான்.

முதல் முறை அவர் போனது வேடிக்கை பார்க்க மட்டுமே. பிறகு பசிபிக் கடலைத் தாண்டி பைக்கோடு போனார். அப்போதே அறுபதைத் தாண்டிவிட்டார். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால்தான் நெஞ்சு வலியும் வந்திருந்தது. பைக்கைத் தயாரித்த கம்பெனியோ 1953-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது.

போனவில் பார்க்கத்தான் சமதளம். பைக்குக்கு அது எளிய இடமல்ல. கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. இன்ஜினுக்கு மூச்சு திணறும். உப்பின் மேல் டயருக்குப் பிடிமானமும் குறைவு. சாதனைக்கான விதியும் கடுமையானது. ஒரு பக்கம் ஓட்டினால் போதாது. எதிர்த்திசையிலும் ஓட்டியாக வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. பின்னாலிருந்து அடிக்கும் காற்று யாருக்கும் இலவசமாக வேகம் தந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

1962-ல் மன்றோ மணிக்கு 288 கிலோமீட்டர் வேகத்தில் தன் பிரிவில் உலக சாதனை படைத்தார். அப்போது இன்ஜின் 850 சி.சி. 1966-ல் 920 சி.சி. இன்ஜினோடு 1,000 சி.சி. பிரிவில் இன்னொரு சாதனை. வேகம் 270 கிலோமீட்டர். அது அவருக்குப் போதவில்லை.

1967 ஆகஸ்ட். இன்ஜின் இப்போது 950 சி.சி. தகுதிக்கான ஓட்டம் ஒன்றில் ஒரு திசையில் மணிக்கு 305 கிலோமீட்டரைத் தாண்டியது அந்தக் கிழட்டு பைக். 'இந்தியன்' பைக் ஒன்று தொட்டதாக அதுவரை அதிகாரபூர்வமாகப் பதிவான அதிகபட்ச வேகம் அது.

அந்த வருஷ ஓட்டம் ஒன்றில்தான் ஆபத்தும் வந்தது. பாதிக்கு மேல் கடந்துவிட்ட நேரம். பைக் தடதடவென ஆட ஆரம்பித்தது. பிரேக் பிடித்து நிறுத்துகிற வேகமல்ல. காற்றை உடம்பில் வாங்கினால் வேகம் குறையும் என்று, படுத்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்று அவர் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. கண்களில் விழுந்த அறையில் எதுவுமே தெரியவில்லை. பாதையைக் காட்டும் கறுப்புக் கோட்டைவிட்டு எங்கேயோ விலகி, நட்டுவைத்திருந்த இரும்புக் கம்பம் ஒன்றைச் சில அங்குல இடைவெளியில் தாண்டினார். கடைசியில் பைக்கைச் சாய்த்து நிறுத்தினார். சில சிராய்ப்புகள், அவ்வளவுதான். இதைப் பின்னாளில் ஏதோ கடைக்குப் போய்வந்த கதை மாதிரி சொன்னார் மனிதர்.

அதே மாதம் 26-ம் தேதி, இரு திசைகளிலும் ஓடி சாதனை பதிவானது. சராசரி வேகம் மணிக்கு 295.45 கிலோமீட்டர். 1,000 சி.சி. பிரிவில் புதிய உலக சாதனை.

மகன் கண்டுபிடித்த பிழை

1977-ல் மன்றோவுக்கு பக்கவாதம் வந்தது. கையும் உடம்பும் முன்போல ஒத்துழைக்கவில்லை. இனி ஓட்ட முடியாது என்று புரிந்ததும், 'இந்தியன்' பைக்கையும் தன் இன்னொரு பைக்கான வெலோசெட்டையும் விற்றார். வெளிநாட்டுக்காரர்களுக்கு அல்ல. பைக்குகள் சொந்த மண்ணிலேயே இருக்க வேண்டும் என்று உள்ளூர் வியாபாரி நார்மன் ஹேய்ஸிடம் கொடுத்தார். 1978 ஜனவரி 6-ம் தேதி, 78 வயதில் மறைந்தார். இன்று இன்வர்கார்கில் போகிறவர்கள், ஹேய்ஸ் குடும்பத்தின் ஹார்டுவேர் கடையில் ஆணி, சுத்தியலுக்கு நடுவே அந்த பைக்கைப் பார்க்கலாம். அவர் பெயரில் ஆண்டுதோறும் அந்த ஊரில் பைக் பந்தயத் திருவிழாவும் நடக்கிறது.

கதை அதோடு முடியவில்லை.

2014-ல், அவர் இறந்து 36 வருஷம் கழித்து, மகன் ஜான் மன்றோ பழைய பதிவு ஒன்றைப் பார்த்தார். கணக்கு எங்கேயோ இடித்தது. 1967-ல் இரண்டு ஓட்டங்களின் சராசரியைக் கணக்கிட்டதில் பிழை இருந்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிளிஸ்ட் சங்கத்துக்குத் தெரியப்படுத்தினார். சங்கம் சரிபார்த்தது. அவர் சொன்னது சரி. சாதனை 296.26 கிலோமீட்டர் என்று திருத்தப்பட்டது.

வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 0.8 கிலோமீட்டர்தான்.

இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெடலா என்று தோன்றலாம். டிராக்டர் அச்சை அரம் போட்டுத் தேய்த்து, தகர டப்பாவில் பிஸ்டன் வார்த்து, அது உடைந்ததும் இன்னொன்று வார்த்து, ஒவ்வொரு கிலோமீட்டரையும் அப்படிச் சேர்த்தவர் மன்றோ. அந்த ஷெட்டுக்கு அப்பாவைப் பறிகொடுத்து வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாதா, அந்த 0.8-ன் விலை!